வெயில் சுடும், கறுப்புச் சுடுமா?

"வெளியே போகாதே, கறுத்துவிடுவாய்!"

சித்திரைத் திங்கள் பிறந்துவிட்டால் நம் லாஸ்பேட்டைத் தெருக்களில் இந்தச் சொல் ஓயாமல் ஒலிக்கிறது. வாசற்படியில் நிற்கும் தாய் மகளுக்குச் சொல்கிறாள். அக்காள் தங்கைக்குச் சொல்கிறாள். பாட்டி, பேத்தியின் கையைப் பற்றி இழுத்து நிழலில் நிறுத்திச் சொல்கிறாள். 'சுட்டுவிடும்' என்பார் குறைவு. 'மயங்கி விழுவாய்' என்பார் அதனினும் குறைவு. 'கறுத்துவிடும்' என்பதே கட்டளை! வெயிலின் மேல் சுமத்த ஆயிரம் குற்றம் உண்டு. நம் வீட்டு நீதிமன்றத்திலோ அதன்மேல் சாட்டப்படும் குற்றம் ஒன்றே ஒன்று. அது தோலைக் கறுக்கச் செய்கிறதாம்!

விமான நிலையச் சாலையில் முற்பகல் பதினொரு மணிக்கு நின்று பாருங்கள். ஸ்கூட்டரில் செல்லும் கல்லூரி மாணவியர், துப்பட்டாவால் தலையையும் முகத்தையும் சுற்றிக்கொண்டு, கண்கள் மட்டும் தெரிய, முழங்கை வரை உறையணிந்து விரைகின்றனர். இதைக் கண்டு நம் தோழர்களில் சிலர் நகைக்கின்றனர். "நிறவெறியின் முக்காடு இது!" என்று அடுக்குமொழி வீசுகின்றனர். கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கிறது. சரியாகவும் இருக்கிறதா? வெயிலுக்கு அஞ்சித் தன் தோலைக் காத்துக்கொள்கிறாள் ஒருத்தி. பிறவியிலேயே சற்று வெளுத்த தோலினள் என்றே வைத்துக்கொள்வோம். அறத்துக்கு மாறாக அவள் செய்துவிட்டது என்ன? தான் கறுத்துப்போக விரும்பவில்லை என்று அவள் சொன்னால், கறுத்தவரையெல்லாம் இழித்துரைத்தவள் ஆகிவிடுவாளா?

இதுவே நாம் எடுத்துக்கொண்ட வினா. சிரிப்பு இதற்கு விடையாகாது. மாற்றார் பழக்கத்தை உரைத்துப் பார்க்கும் உரைகல்லில், நம் நகைப்பையும் ஒருமுறை உரைத்துப் பார்த்தால்தான் நாம் பகுத்தறிவாளர்.

முதலில் வெயிலைப் பற்றிய உண்மை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கிறது புதுவை. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்டு 20-ஐ ஒட்டிய நாட்களிலும், நண்பகல் ஞாயிறு நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. அன்று தாகூர் கல்லூரித் திடலில் ஒரு கம்பத்தை நட்டால், அதற்கு நிழலே இராது. நிழலில்லா நாள் என்கிறது வானியல். (நல்ல வேளை, இதற்கு இன்னும் எவரும் தேர்த் திருவிழா எடுக்கவில்லை!) இத்தகைய வெயிலில் வாழ்கின்ற நமக்குத் தோலைக் காக்கும் கடமை இல்லை என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை.

தோலின் கதை இன்னும் சுவையானது. வெள்ளையர், கறுப்பர், மாநிறத்தார் எல்லோருடைய தோலிலும் நிறமியை ஆக்கும் செல்கள் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. அவை ஆக்கும் மெலனின் என்னும் நிறமியின் அளவிலும் வகையிலுமே வேறுபாடு. வெயிலோடு கலந்து வரும் புற ஊதாக் கதிர், செல்லின் உட்கருவிலுள்ள மரபுப் பொருளைத் தாக்கிச் சிதைக்கிறது. உடனே தோல் விழித்துக்கொள்கிறது; மேலும் மெலனினை ஆக்கி, உட்கருவின் மேல் குடை போலக் கவிக்கிறது. வெயிலில் அலைந்து வந்த பெண்ணைப் பார்த்து, "ஐயோ, கறுத்துவிட்டாயே!" என்று அலறுகிறோமே, அந்தக் கறுப்பு, அடிபட்ட உடல் தனக்குத் தானே பிடித்துக்கொண்ட குடை! குடையைக் கண்டு அலறுகிறோம். அடியைப் பற்றிக் கேட்பதே இல்லை.

வெளுத்த தோலுக்கு அந்தக் குடை சிறியது. சிவந்து கன்றும், கொப்புளம் கட்டும், உரியும். ஆண்டுக்கணக்கில் அடிபட்டால் புற்றுநோயும் வரும். உலகிலேயே தோல் புற்றுநோய் மிகுதியாகத் தாக்கும் நாடுகள் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். ஐரோப்பாவின் மங்கலான வானத்துக்கு ஏற்ற தோலோடு, கடும் வெயில் நாட்டில் குடியேறியவர்களின் வழிவந்தோர் நிறைந்த நாடுகள் அவை. அவர்கள் என்ன செய்தார்கள்? 1981-இல் ஆஸ்திரேலியாவில் ஓர் இயக்கம் தொடங்கிற்று. சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியை வை என்று மூன்று கட்டளைகள். குழந்தைகளும் பாடும்படியான பாட்டாகவே அவற்றைப் பரப்பினார்கள். அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஒரு விதி இருக்கிறது: தொப்பி இல்லையேல் திடலில் ஆட்டம் இல்லை. தொப்பி அணிந்தால் ஓடலாம், ஆடலாம், குதிக்கலாம். பள்ளியில் பாடம் சொல்லும் நமக்கு இந்த விதியைக் கேட்டபோது பொறாமையே வந்தது. ஏன் என்பதைப் பின்னர் சொல்வோம்.

ஆக, வெளுத்த தோலினர் வெயிலுக்கு அஞ்சுவது நியாயம். கறுத்த தோலினரும் அஞ்சத்தான் வேண்டும். புற ஊதாக் கதிர் கண்ணைக் கெடுக்கும், வெப்பம் எவரையும் வீழ்த்தும். சன்ஸ்கிரீன் என்னும் வெயில் தடுப்புக் களிம்பைப் பழிப்பதற்கும் ஒன்றுமில்லை. 30 என்று எண்ணிட்ட களிம்பைச் செவ்வையாகப் பூசினால், தோலைக் கன்றச் செய்யும் கதிரில் 100-க்கு ஏறத்தாழ 97 பங்கைத் தடுக்கும். வியர்த்து வழியும் நம் ஊரில் இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். அதை வாங்க இயலாதோர்க்கு நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே போதும். அதாவது, நம் தோழர்கள் நகைத்தார்களே, அந்தத் துப்பட்டா! அறிவியல் அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கிறது, தோழர்காள்.

பிறவியிலேயே நிறமி அற்றுப் பிறப்போர் நம்மிடையே இருக்கிறார்கள். முடியும் இமையும் வெளுத்து, வெளிச்சத்தில் கண் கூசி, அரைமணி வெயிலில் தோல் வெந்து போகின்றவர்கள் அவர்கள். வெயிலிலிருந்து காப்பு, மற்றவர்க்கு வசதி என்றால் அவர்களுக்கு உயிர். வெள்ளையை வணங்கும் நாடு இது அல்லவா? நாட்டிலேயே வெளுத்தவர்களாகிய அவர்களை அரியணையில் அமர்த்தியிருக்க வேண்டுமே! அமர்த்தினோமா? தெருவில் சிறுவர் கூவி நகைக்கிறார்கள். பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள். எதிரே வந்தால் சகுனம் பார்க்கும் மூடரும் உண்டு. வெண்புள்ளி தோன்றியோரையும் அப்படித்தான் ஒதுக்குகிறோம். தொற்றாத ஒன்றைத் தொழுநோயின் பெயரால் அழைக்கிறோம். இதிலிருந்து என்ன தெரிகிறது? இந்த நாடு போற்றுவது வெள்ளை நிறத்தை அன்று. அந்த நிறம் எதற்கு அடையாளமோ, அதைப் போற்றுகிறது.

எதற்கு அடையாளம்?

நமக்கு இதை விளக்கியவர் நூலாசிரியர் எவரும் இல்லை, ஒரு தாய். நாம் பாடம் சொல்லும் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. மான் போல ஓடுவாள். சற்று வெளுத்த தோல். வெயிலில் நின்றால் கன்னம் சிவந்துவிடும். விளையாட்டு வேளை பிற்பகலில் அமைந்திருந்தது. திடலுக்கு மகளை அனுப்ப வேண்டா என்று கேட்டுக்கொள்ள அவளுடைய தாய் வந்தார். தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாகக் காய் விற்பவர். வெயில் அவர் முகத்தில் எழுதியிருந்தது ஏராளம்.

"அவள் ஓடட்டும் சார், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் ஓட்டத்தையா பார்க்கப் போகிறார்கள்? மூத்தவள் என்னைப் போல. அவளுக்காகப் படுகிற பாடு போதும். இவளாவது நிறமாக இருக்கட்டும்."

என்ன விடை சொல்வது? நிறமி, செல், மரபுப் பொருள் என்று நாம் படித்ததையெல்லாம் அவர் முன் அடுக்கலாமா? அவர் பேசியது தோலைப் பற்றியே அன்று. மூத்தவளுக்குக் கேட்கப்பட்ட சீரின் அளவைப் பற்றிப் பேசினார். வெயிலில் திரிகிறவர்க்கு இந்த ஊரில் என்ன மதிப்பு என்பதைப் பற்றிப் பேசினார். அவர் அஞ்சியதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை நாட்டியவர் அவரல்லர்.

அந்த அச்சத்தைப் பணமாக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 1975-இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் கிரீமைக் கொண்டுவந்தது. வெளுத்தால் வேலை கிடைக்கும், வெளுத்தால் மாப்பிள்ளை கிடைப்பான் என்று தொலைக்காட்சியில் தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்திற்று. 2020 மே திங்களில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டு, நிறவெறிக்கு எதிராக உலகெங்கும் மக்கள் எழுந்த பின்னர், அவ்வாண்டு ஜூலையில் அதன் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' என்று மாறிற்று. எங்கோ ஒரு கறுப்பர் உயிர்விட வேண்டியிருந்தது, நம் மளிகைக் கடையின் குழாயில் ஒரு சொல் மாற! பெயர்தான் மாறியது. திருமண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்னும் சொல் எந்தத் தேய்வும் இன்றி அப்படியே இருக்கிறது.

கறுப்பு என்றால் உழைப்பு. வெளுப்பு என்றால் ஓய்வு. இதுதான் அந்தத் தாய் கண்ட அகராதி. இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதா? ஐரோப்பாவைப் பாருங்கள். அங்கும் ஒரு காலத்தில் சீமாட்டிகள் முகத்தில் வெயில் படாமல் காத்தார்கள். கறுத்த முகம் வயலில் குனிந்து நிற்கும் குடியானவனுடைய முகம். பின்னர் ஆலைகள் எழுந்தன; சுரங்கங்கள் தோண்டப்பட்டன. ஏழைகள் வயலை விட்டுப் புகைக்கூரையின் கீழும் மண்ணுக்கடியிலும் புகுந்தார்கள். வெயில் காணாமல் வெளிறினார்கள். இப்போது வெளிறிய முகம் எவர் முகம்? ஏழையின் முகம்! கடற்கரைக்குச் சென்று ஓய்வாகப் படுத்திருக்க எவரால் முடியும்? பணமுள்ளவரால். 1920-களில், கறுத்துத் திரும்புவது செல்வத்தின் பட்டயம் ஆயிற்று. 1936-இல் பிரான்சில் தொழிலாளர்க்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்தோடு கூடிய விடுமுறை சட்டமாயிற்று. அவர்களும் கடற்கரைக்குப் போனார்கள். ஏறத்தாழ அதே வேளையில், பூசிக்கொண்டு வெயிலில் கிடக்க 'ஆம்பர் சோலேர்' என்னும் எண்ணெயை லோரியால் நிறுவனம் விற்கத் தொடங்கிற்று. தோல் மாறவில்லை, ஞாயிறும் மாறவில்லை. உழைப்பின் இடம் மாறியது. உடனே அழகின் இலக்கணம் தலைகீழாயிற்று!

இரண்டு இலக்கணங்களையும் ஒரே நாளில் காண நமக்கு நெடும்பயணம் வேண்டியதில்லை. லாஸ்பேட்டையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே சிறிது தொலைவு சென்றால் கடற்கரையில் வெளிநாட்டார் துணி விரித்து வெயிலில் படுத்திருக்கின்றனர், கறுப்பதற்காக. அவர்களைக் கடந்து செல்லும் நம் பெண்கள் முகத்தை மூடியிருக்கின்றனர், கறுக்காமல் இருப்பதற்காக. ஒரே வெயில், ஒரே மணல். ஒருவர் நிறம் மற்றவர்க்கு ஆசை. இடையே, படகுக்குப் பக்கத்தில் மீனவர் ஒருவர் வலையைப் பழுது பார்க்கிறார். அவரிடம் எவரும் எந்த எண்ணெயும் விற்பதில்லை.

புதுவையில் வாழும் நாம் இதை மற்றவர்களைவிட எளிதாக உணர வேண்டும். நம் நகரமே நிறத்தால் கோடு போட்டுக் கட்டப்பட்டது. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ஆம் நாள் கைமாறிற்று. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் முடிந்தது. ஆனால் சுற்றுலாத் துண்டறிக்கையைக் கையிலெடுத்தால் 'ஒயிட் டவுன்' என்று இன்றும் இனிக்க இனிக்க அச்சிட்டிருக்கிறார்கள். நம் லாஸ்பேட்டையும், 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய புதுவையை 1765-க்குப் பின் மீண்டும் எழுப்பிய ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் பெயரைத் தாங்கியது என்பர். பெயர் போகட்டும், பெயரால் எவர்க்கும் தோல் கன்றுவதில்லை.

அந்த வெள்ளையர்கள் நம் வெயிலுக்கு எப்படி அஞ்சினார்கள் தெரியுமா? குளங்களில் வளரும் நெட்டியை அறிவீர்கள். தஞ்சையில் அதன் வெண்தண்டைச் செதுக்கி மாலையும் பொம்மையும் செய்வார்கள். அதே நெட்டியால் செய்த கனத்த தொப்பிதான் 'சோலா தொப்பி'. வெயிற்கதிர் வெள்ளையரின் மண்டையோட்டைத் துளைத்து மூளையைக் கலக்கிவிடும், கறுப்பர்க்கு மட்டும் அது செய்யாது என்று பட்டம் பெற்ற மருத்துவர்களே நம்பினார்கள். தொப்பியின்றி வெளியே கால் வைப்பது தற்கொலை எனக் கருதப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது பட்டாளத்து இளைஞர்கள் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, வெயிலில் உடம்பைக் காட்டித் திரிந்தார்கள். எவர் மண்டையும் வேகவில்லை! பர்மாவில் காவல் அதிகாரியாக இருந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், இந்தத் தொப்பி நம்பிக்கையை 1944-இல் பிட்டு வைத்தார். ஆள்கிறவன் உடல் வேறு, ஆளப்படுகிறவன் உடல் வேறு என்று நாள்தோறும் நினைவூட்டாமல் ஆட்சி நிலைக்காது. அதற்கே அந்தத் தொப்பி பயன்பட்டது என்பது அவர் கருத்து. நாம் இதோடு ஒன்று சேர்ப்போம். வெளுத்த தோலுக்குத் தொப்பி தேவைதான். அன்றும் தேவை, இன்றும் தேவை. வெயிலுக்குத் தேவைப்பட்ட பொருளைப் பதவிக்கு அடையாளம் ஆக்கிய இடத்தில்தான் மூடநம்பிக்கை புகுந்தது.

நம் முன்னோர் நிறத்தைப் பற்றி என்ன எண்ணினார்கள்? அகப்பாடல்களின் தலைவி பேரழகி. அவள் நிறம் மாமை, மாந்தளிரின் நிறம். தலைவன் பிரிந்தால் அவள் வெளிறிப்போகிறாள். அந்த வெளிறுக்குப் பசலை என்று பெயர். அது நோய்! வள்ளுவர் 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரமே அமைத்தார். மாமையை இழந்தேனே என்று கலங்கிய மரபின் மகள், மாமை வந்துவிடுமே என்று கலங்குவதற்குக் காசு கொடுத்துக் கிரீம் வாங்குகிறாள்.

குடையைப் பற்றியும் அவர்கள் சொன்னது உண்டு. புறநானூற்றின் 35-ஆம் பாட்டில், வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனை நேருக்கு நேர் நின்று கேட்கிறார். உன் வெண்கொற்றக் குடை வெயிலை மறைக்கவா பிடிக்கப்பட்டது? இல்லை, துன்புற்ற குடிமக்களுக்கு நிழலாவதற்கே என்று உணர்த்தி, நிலத்தின் பழைய வரிக்கடனைத் தள்ள வைக்கிறார். ஆள்பவன் தலைக்கு மேல் விரிந்த குடை அவன் தோலுக்கானது அன்று என்று, அரசவையில் அஞ்சாது சொன்ன புலவன் தமிழன்! பெருமைதான். ஆனால் பெருமையோடு நின்றுவிட்டால் நாம் பழம்பெருமை பேசும் கூட்டத்தில் சேர்ந்துவிடுவோம். அந்தத் தமிழ் மண்ணிலேயே குடை பிடித்த குற்றத்துக்கு அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

தென் திருவிதாங்கூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாணார் எனப்பட்ட மக்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்ற கொடுமையை எதிர்த்து நடந்த தோள்சீலைப் போராட்டம் 1859-இல்தான் அரசாணை பெற்றது. அது பழங்கதை என்கிறீர்களா? 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மேல் எட்டுத் தடைகள் விதித்தனர். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் ஆடை அணியக் கூடாது; சட்டை கூடாது; பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது; வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது; செருப்புக் கூடாது. மீறியோரின் குடிசைகள் எரிந்தன, தானியக் குதிர்கள் அழிந்தன, கால்நடைகள் கொள்ளை போயின. 1931-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிந்து வைத்திருக்கிறார்.

இந்தப் பட்டியலை, வெயிலை மனத்தில் கொண்டு இன்னொரு முறை படியுங்கள். தொப்பியில்லை, சட்டையில்லை, குடையில்லை, செருப்பில்லை. ஆஸ்திரேலியப் பள்ளி தன் குழந்தைக்கு எதையெல்லாம் அணியச் சொல்கிறதோ, அவற்றில் ஒன்றைக்கூட விடாமல் இங்கே ஒரு மக்களுக்கு மறுத்திருக்கிறார்கள். மறுத்துவிட்டு, வெயிலில் நிறுத்தி வேலை வாங்கிவிட்டு, "அவன் கறுப்பன்" என்று இகழ்ந்தார்கள்! கறுப்பு இழிவானது எப்படி என்று நாம் புராணத்திலும் சாத்திரத்திலும் தேடுகிறோம். தேடவேண்டியதுதான். ஆனால் அது வயல் வரப்பிலும் உருவாக்கப்பட்டது. ஒருவன் குடையைப் பறித்து, அதன் விளைவை அவன் பிறப்பின்மேல் எழுதிய கணக்கு அது.

நம் புதுவையில் 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் மேனாட்டுக் காலணியோடு நீதிமன்றத்துள் நுழைந்தார். இந்நாட்டார் அப்படி வரலாகாது என்று தடுத்தனர். பாரிசு மாநகரின் உச்ச முறையீட்டு மன்றம் வரை சென்று வென்றார் அவர். 1881-இல் தனிச்சட்டத் துறப்பு ஆணை வந்தபோது அதற்கு முன்னணியில் நின்று 'லாபோர்த்' என்று பிரெஞ்சுப் பெயரும் சூடிக்கொண்டார். காலணிக்காகப் போராடியவர் தமிழ்ப் பெயரைக் கழற்றியது ஏன் என்று கேட்போர் உண்டு. அந்த வழக்கை வேறொரு நாள் நடத்துவோம். படித்தவர்க்கு, பாரிசு வரை போகப் பொருளுள்ளவர்க்கு, அன்றே காலணி கிடைத்தது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கத்தில் இராசாவூர் என்னும் சிற்றூரில், ஆதிக்கச் சாதித் தெருவில் தாழ்த்தப்பட்ட மக்கள் செருப்பணிந்து நடந்தது 2023 டிசம்பரில்! ஒன்றரை நூற்றாண்டு, தோழர்காள், ஒரு சோடிச் செருப்புக்கு!

இனி நம் வினாவுக்குத் திரும்புவோம். வெளுத்த தோலினள் வெயிலைத் தடுத்துக்கொள்வது குற்றமா? குற்றமில்லை, உரிமை. அந்த உரிமை அவளோடு நின்றுவிடுவதுதான் நம்மைச் சுடுகிறது. மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே வெயில், கீழே உப்பின் வெண்மையில் பட்டுத் திரும்பும் வெயில். சேலையின் மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உப்பு வாரும் பெண்களும் தோலைக் காக்கத்தான் முயல்கிறார்கள். அவர்களைப் பார்த்து 'நிறவெறியின் முக்காடு' என்று எந்தத் தோழரும் நகைக்கவில்லை. அதே துணி, அதே தேவை. ஸ்கூட்டரில் போகிறவள் சுற்றினால் ஆடம்பரம், உப்பு வாருகிறவள் சுற்றினால் தேவை என்றால், நகைத்தவர் துணியைப் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்த்திருக்கிறார். பெண்ணை நகைப்பது எளிது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தோழரிடம் நமக்கு இன்னொரு கேள்வி உண்டு. கறுப்புச் சட்டை அணிந்து மேடையேறுகிறீர், நன்று. சுயமரியாதைத் திருமணத்துக்குப் பெண் தேடும்போது, தாலி வேண்டா, சடங்கு வேண்டா, சாதி வேண்டா என்று எழுதிவிட்டு, 'நல்ல நிறம்' என்று ஒரு சொல்லை எதற்காகச் சேர்க்கிறீர்? காய் விற்கும் அந்தத் தாயின் மூத்த மகள் காத்திருப்பது உம்மைப் போன்றவருக்காகத்தானே? துப்பட்டாவை அவிழ்க்கச் சொல்லும் முன் அந்தச் சொல்லை அடித்துவிடுவீரா?

நிழலைப் பொதுவாக்க முடியாதா? முடியும் என்று காட்டிய இடமும் நம் புதுவையே. கறுப்பர் நகரம் எனப்பட்ட தமிழ்ப் பகுதியின் பழைய வீடுகளில் தெருவை நோக்கிய திண்ணை, அதற்கு முன்னால் மரத்தூண்களில் நிற்கும் தாழ்வாரம். வெள்ளையர் பகுதி வீடுகளோ உயர்ந்த மதிலுக்குள் தம் நிழலைத் தாமே வைத்துக்கொண்டன. வழிப்போக்கனுக்கு நிழல் தரும் கட்டடக்கலை நம்முடையது. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதியாரும் அமர முடிந்ததா என்று கேட்டால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கும். 2024 கோடையில் நகரத்தின் சிக்னல்களில் பொதுப்பணித் துறை பச்சை வலைப் பந்தல் போட்டது. சிவப்பு விளக்கு எரியும்வரை கார்க்காரரும் சைக்கிள்காரரும், வெளுத்தவரும் கறுத்தவரும், அந்தப் பந்தலின் கீழ் ஒன்றாக நின்றார்கள். சாதி கேட்காத நிழல்! நாடெங்கும் அந்தப் படம் பரவியது. சிறிய செயல்தான், ஆயினும் வெள்ளைக்குடி நாகனார் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் அந்தப் பந்தலுக்கு அப்பால் தார் கொதிக்கும் சாலையில் கல் கொட்டுகிறவருக்கு அதுவும் இல்லை. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலையுறுதிச் சட்டம், வேலைத்தலத்தில் குடிநீரோடு குழந்தைகளுக்கு நிழலும் ஓய்வு நேரமும் வேண்டும் என்று எழுதிவைத்தது. எழுதிய எழுத்துக்கும் விரித்த பந்தலுக்கும் இடையே இருந்த தொலைவை, அங்கே வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

எட்டாம் வகுப்பு மாணவியின் செய்தி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தாயிடம் நாம் வாதாடவில்லை. ஆஸ்திரேலியப் பள்ளிகளின் விதியைச் சொன்னோம். வெளுத்த தோலுள்ள குழந்தைகளை அவர்கள் வீட்டில் பூட்டவில்லை, தொப்பி கொடுத்து ஓட விட்டார்கள் என்றோம். "தொப்பி போட்டால் கறுக்காதா?" என்று கேட்டார். "கொஞ்சம் கறுக்கும். நோய் வராது. எலும்புக்கு வேண்டிய சத்தும் வெயிலிலிருந்துதான் வருகிறது" என்றோம். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "காலையில் வைத்தால் அனுப்புகிறேன்" என்றார். தலைமையாசிரியரிடம் பேசி, விளையாட்டு வேளையைக் காலை ஏழு மணிக்கு மாற்றினோம். அவளுக்காக மட்டும் அன்று. மற்ற முப்பத்தைந்து பேரும் பிற்பகலில் வெந்துகொண்டுதான் இருந்தார்கள், அவர்கள் தாய்மார் வந்து கேட்கவில்லை, அவ்வளவே. முதல் வாரம் அவள் முழுக்கைச் சட்டையும் தொப்பியுமாக வந்தாள். இப்போது தொப்பி மட்டும். அக்காளையும் அழைத்து வரட்டுமா, அவளும் ஓடுவாள் என்று கேட்டிருக்கிறாள்.

திடலின் மேற்குப் பக்கத்தில் மரமே இல்லை. புங்கமும் வேம்புமாகப் பன்னிரண்டு கன்றுகள் நட்டிருக்கிறோம். கோடை விடுமுறையில் பள்ளி பூட்டிக் கிடக்கும். அந்த இரண்டு மாதம் நாள்தோறும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். லாஸ்பேட்டைத் தோழர்களில் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க இயன்றவர்கள் வாளியோடு வரலாம்.